லேவில் விரல் ஆக்சிமீட்டர்: கருவி நல்லது, கூட வரும் தாள் போதாது

மதுரையில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கணவருக்கு லடாக்கில் சாலைப் பணி. போன கோடை விடுமுறையில் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு லேவுக்குப் போய், அவர் குடியிருக்கும் வாடகை வீட்டில் தங்கினோம். கிளம்புமுன் மருந்துக் கடையில் 1,400 ரூபாய்க்கு வாங்கியதுதான் இந்த ஆக்சிமீட்டர். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது (சாச்சுரேஷன்) என்று காட்டும் கருவி. இதே சரக்கு வேறு வேறு பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதனால் பிராண்டை விட்டுவிட்டு வகையைச் சொல்கிறேன்: நாடித்துடிப்பை அலையாகக் காட்டும் திரை, விரலில் ரத்த ஓட்டம் எவ்வளவு என்று சொல்லும் பி.ஐ. எண், இரண்டு சின்ன பேட்டரி.

கருவியைப் பொறுத்தவரை எனக்குத் திருப்தி. வார்டில் இருக்கும் பெரிய மானிட்டரோடு வைத்துப் பார்த்தபோது ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். திரை வெயிலிலும் தெரிகிறது. வாங்குகிறவர்கள் அலை காட்டும் மாடலையே வாங்குங்கள். அலை ஒரே சீராக ஓடினால்தான் பக்கத்தில் இருக்கும் எண்ணை நம்பலாம். விரல் சில்லிட்டிருந்தாலோ, நெயில் பாலிஷ் அடர்த்தியாக இருந்தாலோ அலை குலைந்துவிடும். கருத்த தோலில் இந்தக் கருவிகள் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது உண்டு என்று 2020ல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. நம் ஊர்க்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் குறை பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பற்றியது. ‘95 முதல் 100 வரை இயல்பு, 90க்குக் கீழே போனால் உடனே மருத்துவரை அணுகவும்’ என்று போட்டிருக்கிறார்கள். எந்த ஊரில், எந்த வயதில் என்று ஒரு வார்த்தை இல்லை. லே 3,500 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தமே கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறங்கிய அன்று எனக்கு 86, மகளுக்கு 88. இரண்டு பேரும் தெளிவாகப் பேசிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். புதிதாக வந்தவர்களுக்கு அது அங்கே சகஜமான எண். கருவியின் அலாரமோ 90ல் வைத்திருந்ததால் விடாமல் கத்தியது. அதை அணைக்க மெனுவில் வழி இருக்கிறது. ஆனால் விவரம் தெரியாத அம்மா ஒருத்தி அந்தத் தாளைப் படித்தால் எவ்வளவு பயந்துபோவாள்! அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. ‘இங்கே எல்லாருக்கும் குறைவாகத்தான் காட்டும்’ என்று சொல்லி, உண்மையிலேயே மூச்சுத் திணறும் குழந்தையை விட்டுவிடுவார்களே.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம், நாலு தலைமுறை. நான் நர்ஸ் என்று தெரிந்ததும் எல்லாரும் விரலை நீட்டினார்கள். இந்தக் கருவி எங்கே உதவும், எங்கே உதவாது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஐந்து மாதக் குழந்தைக்கு இது வேலைக்கே ஆகவில்லை. விரல் கிளிப்புக்குள் நிற்காது. கால் பெருவிரலில் மாட்டினேன், உதைத்துக்கொண்டே இருந்ததால் அலை நிலைக்கவில்லை. கைக்குழந்தைக்கு ஒட்டுப்போடுவது மாதிரி சுற்றிக்கட்டும் சென்சார்தான் வேண்டும். சரி என்று கருவியை வைத்துவிட்டு, குழந்தை தூங்கியதும் சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 44. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50ஐத் தொட்டால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டு மாதத்துக்குள் 60, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. மலையில் நல்ல ஆரோக்கியமான குழந்தைகூடக் கொஞ்சம் வேகமாகவே மூச்சு விடும். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து நிமோனியா என்று சொல்லிவிட முடியாது. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுக்கிறதா, பால் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறந்த இடம் மட்டும் பேசுவதில்லை, வம்சமும் பேசுகிறது. 3,658 மீட்டர் உயரமுள்ள திபெத்தின் லாசா நகரில் பிறந்த குழந்தைகளை நாலு மாதம் வரை கவனித்த ஆய்வு ஒன்று 1995ல் வெளிவந்தது. நாலாவது மாதத்தில், அயர்ந்து தூங்கும்போது திபெத்தியக் குழந்தைகளின் சாச்சுரேஷன் சராசரி 86. சமவெளியிலிருந்து குடியேறிய ஹான் சீனப் பெற்றோரின் குழந்தைகளுக்கு 76. பிறந்த புதிதில் இரண்டு கூட்டமும் 90க்கு மேல்தான் இருந்தன. வித்தியாசம் மாதம் ஏற ஏறத்தான் பெரிதானது. சமவெளியிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே மாதக்கணக்கில் தங்க நினைப்பவர்கள் முதலில் குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு 91, மூச்சு 20. மாட்டியதும் எண் வந்துவிட்டது, ஆறேழு வயதிலிருந்து கிளிப் நன்றாகவே பிடிக்கிறது. இந்த வயதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் மூச்சைக் கூட்டச் சொல்லும் உணர்வு உறுப்பு கழுத்து ரத்தக்குழாயில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிப் பெரியவர்களிடம் அந்தத் தூண்டல் மந்தமாக இருப்பதைப் பார்த்தவர்கள், அது பிறவியிலேயே அப்படியா என்று கேட்டார்கள். கல்கத்தாவில் படித்த சுகமய் லாஹிரியும் கூட்டாளிகளும் 1976ல் பதில் சொன்னார்கள். அங்கே பிறந்த சிறுபிள்ளைகளிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது, மலையில் வளர வளரத்தான் மழுங்குகிறது. திபெத்தியர்களிடம் அவ்வளவு மழுங்குவதில்லை என்று பின்னால் வந்த ஒப்பீடுகள் காட்டின. ஒரே உயரம்தான், ஆனால் இரண்டு கண்டத்தில் வயது ஏற ஏற மூச்சு இரண்டு விதமாக மாறுகிறது.

அபி-லே, அதாவது அந்த வீட்டுப் பாட்டி, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஈரக்கையோடு வந்தார். திரையில் வெறும் கோடுகள். பி.ஐ. 0.3. சூடான வெண்ணெய்த் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன். பி.ஐ. 2ஐத் தாண்டியது, அலை நிமிர்ந்தது, 87 என்று நின்றது. மலைநாட்டில் வயதானவர்களைக் கவனமாகப் பார்க்கக் காரணம் உண்டு. வயது ஏற மூச்சு குறையும், அதை ஈடுகட்ட சிவப்பணு கூடி ரத்தம் கெட்டிப்படும். சிலருக்கு அது எல்லை மீறி நாள்பட்ட மலைநோயாகிறது. 1925ல் பெரு நாட்டில் கார்லோஸ் மொங்கே முதலில் விவரித்த நோய் அது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் அதிகம் வருகிறது, மூச்சைத் தூண்டும் புரோஜெஸ்டிரான் அதோடு குறைந்துவிடுவது ஒரு காரணம். அதனால் அபி-லேவிடம் தலைவலி, தூக்கமின்மை, காதில் இரைச்சல் எல்லாம் கேட்டேன், உதட்டின் நிறத்தையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கருவியில் 87 என்பது பாதி விவரம்தான், மீதியை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரவில் போட்டுக்கொண்டு தூங்க இந்த மாடல் லாயக்கில்லை. முதல் சில இரவுகளில் என் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கணவர் எழுப்பினார். விரலில் மாட்டிப் படுத்தால் எண் 78க்கும் 85க்கும் நடுவே ஏறி இறங்கியது. புதிதாக மலையேறியவர்களிடம் இந்த விட்டுவிட்டு வரும் மூச்சு சாதாரணம். ஆனால் புரண்டு படுத்ததும் கிளிப் கழன்றுவிடுகிறது, பதிவும் சேமிப்பதில்லை. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது, உபரியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தாராளமாக வாங்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதை வாங்காதீர்கள், சுற்றிக்கட்டும் சென்சார் மாடல் விலை அதிகம் என்றாலும் அதுதான் சரி. தயாரிப்பவர்கள் அந்தத் தாளில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: உயரம் எவ்வளவு, வயது என்ன. கூடவே மூச்சை ஒரு நிமிடம் எண்ணும் முறையை ஒரு படமாகப் போட்டால் நாலாவது புள்ளியையும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன்.