அமுக்கினா எடுக்கணும், அவ்ளோதானே கேட்டேன்

மச்சான் பையன் நேத்து போன் பண்ணான், மாமா உங்ககிட்ட இருக்கிற அதே டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழட்டி மாத்துற பெரிய கேமரா) செகண்ட்ஸ்ல 11,000க்கு வருது வாங்கவான்னு. போன்ல அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன், இங்க கொஞ்சம் நியாயமா எழுதப் பாக்குறேன்.

கடலூர்ல தேவனாம்பட்டினம் போற வழியில நம்ம வீடு. ஜன்னல் கொக்கியே வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறோம், உப்புக்காத்து அப்படி. 10 வருஷமா இந்தக் காத்துலதான் கேமராவும் கெடக்கு. படம் இன்னிக்கும் அருமையா வருது, சாயங்கால வெளிச்சத்துல முகத்தோட நிறத்தை இது எடுக்குற மாதிரி என் போன் எடுக்கல.

ஆனா படம் எடுக்க அமுக்குற அந்த பட்டன்! பாதி அமுக்கினா பீப்புங்குது, பச்சைப் புள்ளி எரியுது, சரி போகஸ் ஆயிடுச்சுன்னு முழுசா அமுக்கினா கல்லு மாதிரி உக்காந்திருக்கு. எரர் கிடையாது ஒண்ணும் கிடையாது. நாலாவது தடவை டக்குனு எடுக்கும், எதுக்கு எடுத்துச்சுன்னு அதுக்கே தெரியாது. ஒரேயடியா செத்திருந்தா கூட தூக்கிப் போட்டிருப்பேன். மாசி மகத்துக்கு சில்வர் பீச்ல தீர்த்தவாரி, சாமி தண்ணிக்குள்ள இறங்குது, மேளம் தூக்குது, நான் அமுக்கு அமுக்குனு அமுக்கி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வலிச்சதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து பாத்தா சாமி கரையேறி முதுகைக் காட்டிட்டுப் போற ஒரே ஒரு படம்.

பாண்டியில ஒரு கடையில குடுத்தா, ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஷட்டர் (படம் எடுக்குறப்போ உள்ள திறந்து மூடுற திரை) போயிடுச்சு சார், 7,000 ஆகும்னாங்க. மனசு கேக்கல, திருப்பி வாங்கிட்டு வந்து நானே உக்காந்தேன். போகஸ் கிடைக்கலன்னா சில மோட்ல கேமராவே எடுக்காது, அதனால முதல்ல லென்ஸை மேனுவலுக்கு, அதாவது கையாலயே போகஸ் பண்றதுக்குத் தள்ளிப் பாத்தேன், அப்பவும் அதே கதை. பேட்டரி மாத்தினேன், கார்டு மாத்தினேன், லென்ஸ் அடியில இருக்குற தங்கக் கலர் புள்ளிங்களை பொண்ணோட ரப்பரால தேய்ச்சேன். ம்ஹூம். கடைசியா 350 ரூபாய்க்கு ஒரு வயர் ரிமோட் வாங்கி சைடுல சொருகினேன், கேமரா பட்டனைத் தொடாமலே எடுக்கலாம். 100 தடவை அமுக்கினேன், 100 படம். அப்போ ஷட்டர் நல்லாதானே இருக்கு! பட்டனுக்கு அடியில இருக்குற தகடு மேல உப்பும் அழுக்கும் படிஞ்சு, பாதி அமுக்குறப்போ தொடுது, முழுசா அமுக்குறப்போ தொடல, அம்புட்டுதான்.

மஞ்சக்குப்பத்துல பழைய டிவி மெக்கானிக் ஒரு அண்ணன், மேல்மூடியை மட்டும் நீ கழட்டிடாதப்பா, பிளாஷுக்கு கரண்ட் சேத்து வைக்கிற கண்டன்சர்ல 300 வோல்ட் நிக்கும், பேட்டரி எடுத்தாலும் ஷாக் அடிக்கும்னாரு. அவர் சொன்னபடி பேட்டரியைக் கழட்டிட்டு, பட்டன் ஓரமா ஐசோப்ரொபைல் ஆல்கஹால் (எலக்ட்ரானிக்ஸ் சாமான் துடைக்கிற ஸ்பிரிட்) ஒரே ஒரு சொட்டு விட்டு, அம்பது தடவை அமுக்கி, ராத்திரி முழுக்க காய வச்சேன். ஆறு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சு. ஐப்பசி மழை வந்ததும் மறுபடி மக்கர். மறுபடி சொட்டு. இப்போ இது எங்க வீட்டுல சொட்டு மருந்து போடுற பிள்ளை மாதிரி ஆயிடுச்சு. (அரிசி டப்பாவுல போட்டு வைக்காதீங்க, தவிட்டுத் தூசி உள்ள போகும், வீட்டுலயும் திட்டு விழும்.)

ரிமோட்டைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு பாண்டி பீச் ரோட்ல காந்தி சிலைகிட்ட நின்னா, என்ன சார் டிவி ரிமோட்டான்னு கேக்குறாங்க. கேட்டுட்டுப் போகட்டும்.

மச்சான் பையனுக்கு, வாங்காதடான்னுதான் சொன்னேன். கேக்காம வாங்குறதா இருந்தா, கடையிலயே லென்ஸை மேனுவல்ல போட்டு அம்பது தடவை அமுக்கு, ஒண்ணு தவறினாலும் கீழ வச்சிட்டு வந்துடுன்னேன். அப்போ உங்களோடதைக் குடுத்துடுங்களேன் மாமா, 5,000 தரேங்குறான். போடா டேய், அடுத்த மாசி மகத்துக்கு எனக்கு வேணும்.