மனநல மருந்துகளுக்கு எந்த மாத்திரைப் பெட்டி?

மாத்திரைப் பெட்டி விற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இனி வேளை தவறாது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தீவிர மனச்சோர்வு உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இது பாதிதான் உண்மை. வேளை தவறுவதற்கு அங்கே மறதி ஒரு காரணம் மட்டுமே. 'எனக்கு எதுவும் இல்லை, மருந்து எதற்கு' என்ற நினைப்பு, மருந்தில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம், பக்க விளைவு பிடிக்காமல் சொல்லாமலே நிறுத்திவிடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. பெட்டியால் தீர்வது மறதியும் குழப்பமும் மட்டும்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு, கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் மூன்று வகைகளைப் பார்க்கலாம்.

முதல் வகை, நாளுக்கு ஒரு அறை வீதம் ஏழு அறை உள்ள சின்னப் பெட்டி. இரவு ஒரு வேளை மட்டும் மருந்து சாப்பிடுபவருக்கு இது போதும். காலையும் இரவும் மருந்து இருந்தால் வாங்கவே வேண்டாம். இரண்டு வேளை மாத்திரையும் ஒரே அறையில் கிடக்கும். தூக்கம் வரவழைக்கும் இரவு மருந்தைக் காலையில் விழுங்கிவிட்டுப் பகல் முழுக்கத் தள்ளாடுவது இப்படித்தான் நடக்கிறது.

இரண்டாவது, ஏழு நாளும் நான்கு வேளையுமாக 28 அறை உள்ள பெட்டி. பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான், அதிலும் ஒவ்வொரு நாளின் பட்டையும் தனியாகக் கழன்று வரும் வகையை. அன்றைய பட்டையை மட்டும் எடுத்து நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு மீதி ஆறு நாளையும் பூட்டி வைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி.

வாங்குமுன் மூடியைப் பாருங்கள். மனநல மருந்துகள் பலவற்றில் கை நடுக்கமும் விரல் விறைப்பும் வரும். மூடி இறுக்கமாக இருந்தால் பலமாக நெம்ப வேண்டியிருக்கும், திறந்த வேகத்தில் மாத்திரை நாலாபக்கமும் தெறிக்கும். தரையில் விழுந்தது எத்தனை, கிடைத்தது எத்தனை என்று பிறகு யாருக்கும் தெரியாது. மூடி தளர்வாக இருந்தாலோ பையில் வைத்ததும் திறந்து, காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் கலந்துவிடும். ஒரு விரலால் நெம்பினால் திறக்க வேண்டும், கவிழ்த்துக் குலுக்கினால் திறக்கக் கூடாது. அடுத்து அறையின் அடிப்பகுதி. சதுர மூலை உள்ள அறையில் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், குளோனாசெபாம் போன்ற மிகச் சிறிய மாத்திரைகள் மூலையில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போகும். கிண்ணம் போல வளைந்த அடி நல்லது. இரவு வேளைக்கு ஆறேழு மாத்திரை இருப்பது சாதாரணம் என்பதால், இருப்பதிலேயே பெரிய மாத்திரையோடு மற்றவையும் சேர்ந்து கொள்கிறதா என்று பாருங்கள். மூடியை அழுத்தித்தான் மூட வேண்டும் என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். கிழமையின் பெயர் மை அச்சாக இருந்தால் துடைக்கத் துடைக்க அழிந்துவிடும். பிளாஸ்டிக்கிலேயே புடைத்து நிற்கும் எழுத்துதான் நிலைக்கும்.

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நிரப்பும் அரை மணி நேரத்தில்தான் தவறு நுழைகிறது. அட்டையில் இருக்கும்வரை மாத்திரைக்குப் பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் உண்டு. பெட்டிக்குள் விழுந்ததும் அது வெறும் வெள்ளை வட்டம். அதனால் நிரப்புவதற்கு ஒரு முறை வேண்டும். கடைசியாக எழுதித் தந்த மருந்துச் சீட்டை எதிரில் வையுங்கள். பழைய சீட்டை அந்த இடத்திலேயே வைக்காதீர்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், போனைத் தள்ளி வையுங்கள். திங்கள் முழுவதையும் நிரப்பிவிட்டுச் செவ்வாய்க்குப் போகக் கூடாது. ஒரு மருந்தை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்து, அட்டையில் மீதியை எண்ணிவிட்டுத்தான் அடுத்த மருந்து. இரவு ஒன்று என்றால் பத்து மாத்திரை அட்டையில் மூன்று மிஞ்ச வேண்டும். காலை ஒன்று இரவு ஒன்று என்றால் இரண்டு அட்டையில் ஆறு மிஞ்ச வேண்டும். கணக்கு இடித்தால் எங்கோ இரண்டு விழுந்திருக்கிறது, அல்லது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கடைசியில் 'காலை 3, மதியம் 1, இரவு 5' என்று வேளைக்கு வேளை எண்ணிக்கையை எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவிட்டால், நிரப்பாத ஒருவரும் ஒரு பார்வையில் சரிபார்க்கலாம்.

வாரத்தின் நடுவில் டாக்டர் அளவை மாற்றினால், அறைக்குள்ளிருந்து பழைய மாத்திரையை மட்டும் பொறுக்கி எடுக்க முயலாதீர்கள். மருந்துக்கடை வேறு கம்பெனி மாத்திரை கொடுத்திருந்தால் நிறமும் வடிவமும் மாறியிருக்கும், எது எது என்று அடையாளம் தெரியாது. முழுப் பெட்டியையும் காலி செய்துவிட்டு, அட்டையிலிருந்து புதிதாக நிரப்புவதுதான் வழி. வீணாகிறதே என்று தோன்றும். ஆகட்டும்.

எல்லா மாத்திரையும் பெட்டிக்குள் போகலாம் என்று நினைப்பதும் தவறு. சோடியம் வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை இழுக்கும். அட்டையை விட்டு முன்கூட்டியே எடுத்தால் பிசுபிசுத்துவிடும். நாக்கில் கரையும் ஓலன்சபின் மாத்திரையும் அப்படித்தான். சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும், அதையும் அழுத்தித் தள்ளாமல், பின் தாளை உரித்து, உலர்ந்த கையால் எடுக்க வேண்டும். சிலர் அட்டையையே ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துப் பெட்டியில் போடுகிறார்கள். அந்தத் துண்டின் முனை கூர்மையானது. குழப்பத்தில் இருப்பவர் தாளோடு விழுங்கினால் உணவுக்குழாயைக் கிழித்துவிடலாம். இப்படிப்பட்ட மருந்துகளுக்கு அந்த அறையில் 'வால்ப்ரோயேட் 1, அட்டையில்' என்று எழுதிய சிறு சீட்டைப் போட்டு வைப்பது நல்ல வழி. பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ 'தேவைப்பட்டால் மட்டும்' என்று எழுதிய லோராசெபாம் போன்றவை பெட்டிக்குள் வரவே கூடாது. அறையில் இருந்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ அது உள்ளே போய்விடும். அதற்குத் தனி டப்பாவும், கொடுத்த நேரத்தை எழுத ஒரு நோட்டும் வையுங்கள்.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவரின் பெட்டிக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கடைசி வேளைக்குப் 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டியது. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் காலை 9 மணிக்கு ரத்தம். அன்று காலை வேளை லித்தியம் இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். பழக்கத்தில் அறையைத் திறந்து விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், அதைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிட வாய்ப்புண்டு. பெட்டியை நிரப்பும்போதே அந்த அறையின் மூடியில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். மூட்டு வலிக்கு என்று ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை அதே அறையில் சேர்த்துவிடுவதும் கூடாது, அவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும்.

மூன்றாவது வகை, பூட்டும் அலாரமும் உள்ள தானியங்கிப் பெட்டி. வட்டமான தட்டில் பெரும்பாலும் 28 அறை இருக்கும். நேரம் வந்ததும் தட்டு ஒரு அறை நகரும், மணி அடிக்கும், விளக்கு மின்னும், கவிழ்த்தால் மாத்திரை கையில் விழும். நாளுக்கு ஒரு வேளை என்றால் 28 நாளுக்கு வரும், நான்கு வேளை என்றால் ஒரே வாரம்தான். 'ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை' என்ற விளம்பரத்தை அந்தக் கணக்கோடு படியுங்கள். சாப்பிட்டோமா இல்லையா என்று மறந்து இரண்டாவது முறையும் சாப்பிடுபவருக்கு இது உண்மையிலேயே உதவும், அடுத்த அறை நேரத்துக்கு முன்னால் திறக்காது. நேரம் கடந்த அறையைத் தானே பூட்டிக்கொள்ளும் மாடல் இன்னும் பாதுகாப்பு.

குறைகளும் உண்டு. கவிழ்த்ததும் மணி நின்றுவிடும், மாத்திரை மேஜையிலேயே கிடக்கும். வீட்டாரின் போனுக்குச் செய்தி அனுப்பும் மாடல்களும் பெட்டி கவிழ்ந்ததைத்தான் சொல்கின்றன, விழுங்கியதை அல்ல. பேட்டரி மாற்றியபின் கடிகாரத்தில் காலையும் மாலையும் இடம் மாறிவிட்டால், இரவு மருந்து காலையில் வரும். பேட்டரி மாற்றிய அன்று முதல் இரண்டு வேளையும் யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இயந்திரத்துக்கு நோயாளியின் நிலையும் தெரியாது. லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்று வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் பேச வேண்டும். பெட்டி அப்போதும் சரியான நேரத்துக்கு மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

காதில் குரல் கேட்பவருக்குத் திடீரென்று ஒலிக்கும் மணி அச்சம் தரலாம். தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று நம்புபவரின் அறையில், விளக்கு மின்னி போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு கருவியைச் சொல்லாமல் வைத்தால் அந்த நம்பிக்கைக்கு நாமே சாட்சி கொடுத்ததாகிவிடும். முதலில் அவரிடமே காட்டி, மணியை அடிக்கவிட்டு, ஒலியை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் சாதாரணப் பெட்டிக்கே திரும்புங்கள்.

தற்கொலை எண்ணம் இருப்பவருக்குப் பெட்டி தேர்வதில் வசதி இரண்டாம்பட்சம். லித்தியமும் அமிட்ரிப்டிலின் வகை மனச்சோர்வு மருந்துகளும் ஒரே நேரத்தில் அதிகமாக உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. கையில் கிடைக்கும் அளவைக் குறைப்பதுதான் காரியம், ஒரு நாள் பட்டைக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பெட்டியைப் பூட்டிவிட்டு மீதி அட்டைகளை அலமாரி இழுப்பறையில் விட்டுவைத்தால் பூட்டியும் பயனில்லை. பிளாஸ்டிக் பூட்டை உடைக்க அதிக நேரம் ஆகாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆனாலும் பூட்டு தரும் தாமதத்துக்கு மதிப்பு உண்டு, அந்த வேகம் தணியச் சில நிமிடமே போதுமானதாக இருக்கலாம். எத்தனை நாள் மருந்து ஒரே தடவையில் வாங்குவது என்பதையும் டாக்டரிடம் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்புபவருக்கு மேலே சொன்ன எந்தப் பெட்டியும் உதவாது. அறை காலியாக இருப்பதைப் பார்த்து வீட்டார் நிம்மதியாகிவிடுவதால், சில சமயம் பெட்டியே உண்மையை மறைத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடிக்க வைத்து, நாக்கின் அடியும் இரண்டு கன்னமும் பார்த்து, கால் மணி நேரம் கூடவே பேசிக்கொண்டிருப்பது ஒரு வழி. அதை அவரிடம் சொல்லிவிட்டு, மரியாதையோடு செய்ய வேண்டும். தெரியாமல் சாப்பாட்டில் கலப்பதை விட, ஏன் துப்புகிறார் என்று கேட்டு, திரவ மருந்துக்கோ இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசிக்கோ மாறலாமா என்று டாக்டரிடம் விசாரிப்பது நல்லது.

காலியாகாத அறைதான் பெட்டி தரும் மிகப் பயனுள்ள தகவல். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் அறைகள் இரண்டு நாளுக்கு, அதாவது 48 மணி நேரத்துக்கு மேல் திறக்காமல் இருந்தால், பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. அதற்குள் உடம்பு பழக்கத்தை இழந்திருக்கும், ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து டாக்டரின் மேற்பார்வையில் திரும்ப ஏற்ற வேண்டும். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லாமோட்ரிஜின் பல நாள் விட்டுப்போனாலும் அப்படியே, பழைய அளவில் திடீரெனத் தொடங்கினால் கடுமையான தோல் தடிப்பு வரலாம். ஒவ்வொரு முறை நிரப்புவதற்கு முன்னும் மிஞ்சிய அறைகளைப் போட்டோ எடுத்து, அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் காட்டுங்கள்.

நோயாளி தேறிவரும்போது நிரப்பும் வேலையை அவர் கைக்கே மாற்றலாம். முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், அடுத்து அவர் நிரப்ப நீங்கள் சரிபார்ப்பீர்கள், பிறகு மூன்று நாளுக்கு மட்டும் அவர் பொறுப்பு, அப்புறம் ஒரு வாரம். இதற்குத் தானியங்கியை விடச் சாதாரண 28 அறைப் பெட்டிதான் ஏற்றது, என்ன மாத்திரை எதற்கு என்று அவர் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும்.

கழுவுவது எளிது: காலியானதும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போது நிரப்பக் கூடாது. பாதியாக உடைத்த மாத்திரைகள் விடும் தூளை உலர்ந்த பிரஷால் முதலில் தட்டிவிடுங்கள். மருத்துவமனையில் சேர்க்கப் போகும்போது பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாமல் அட்டைகளையும் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் இல்லாத மாத்திரையை வார்டில் எந்த நர்ஸும் கொடுக்க மாட்டார்.