பீலி கேட்டுப் போன இடத்தில் கிடைத்த கட்டர்: ஒரு ஹாட்வெயார் கடை அனுபவம்

ஹட்டனுக்கு அண்மித்த ஒரு நகரில், கூரைப் பீலி (கூரையோரத்தில் மழைநீரைப் பிடித்து ஓடவிடும் தொட்டி) விற்பதோடு வீட்டுக்கே வந்து பொருத்தியும் கொடுக்கும் ஹாட்வெயார் கடை ஒன்றில், சென்ற மே மாதம் எங்கள் வீட்டு முன்பக்கக் கூரைக்கு 30 அடிப் பீலி வாங்கினோம். பொருளில் பெரிய குறை இல்லை, வேலையில் சிறு குறை உண்டு. ஆனால், அந்தக் கடையோடு எங்களுக்கு ஏற்பட்ட சிக்கல் முழுவதும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லால் வந்தது என்பதால், அந்தச் சொல்லையும் சேர்த்தே இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு, "கட்டர் இருக்கிறதா, என்ன விலை?" என்று தமிழில் கேட்டிருந்தேன். பதிலாக வந்தது தரை ஓடு வெட்டும் கருவியின் படம். தமிழில் எழுதும்போது வெட்டும் கருவிக்கான ஆங்கிலச் சொல்லும் (cutter) கூரைப் பீலிக்கான ஆங்கிலச் சொல்லும் (gutter) எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ககரத்தை வல்லொலியாகப் படிப்பதா மெல்லொலியாகப் படிப்பதா என்பதைப் படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும், ஹாட்வெயார் கடையில் இருப்பவர் எதைத் தீர்மானிப்பார் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். சரி, நல்ல தமிழிலேயே கேட்போம் என்று, "பீலி வேண்டும்" என எழுதினேன். "எந்தப் பீலி டீச்சர், குளிக்கிற பீலிக்குக் குழாயா?" என்று கேட்டார் கடையில் நின்ற தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் பீலி என்றதும் நினைவுக்கு வருவது, மலை ஊற்றுத் தண்ணீர் குழாய்வழி கொட்டுகிற, குளிக்கவும் துணி துவைக்கவும் கூடுகிற பீலிக்கரைதான். யாழ்ப்பாணத்திலோ டெங்கு ஒழிப்புத் துண்டுப் பிரசுரங்களிலோ 'கூரைப் பீலி' என்று சொல்வது இங்கே கடையில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. சிங்களத்திலும் மழைநீர்ப் பீலியை 'வெஹி பீலி' என்றே சொல்கிறார்கள் என்பது வேறு விடயம்.

ஆங்கிலத்தில் கட்டர் என்ற சொல் துளியிலிருந்து பிறந்தது. இலத்தீனில் 'குட்டா' என்றால் துளி. அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, துளிகளைச் சேர்த்து ஓடவிடும் வாய்க்காலுக்குப் பெயராயிற்று. கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கு மருத்துவர்கள் எழுதிய பழைய குறியும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் கூரையோரத்தில் ஓடும் வாய்க்காலையும் தெருவோரத்தில் ஓடும் வாய்க்காலையும் இந்த ஒரே பெயரால் அழைக்கிறார்கள். நாமோ மேலே இருப்பதைப் பீலி என்றும் கீழே இருப்பதைக் கான் என்றும் பிரித்தே வைத்திருக்கிறோம். லயத்து வரிசை வீடுகளில் இஸ்தோப்பு எனும் முன்திண்ணைக்கு முன்னால் வெட்டப்பட்டிருக்கும் கானைப் பார்த்து யாரும் பீலி என்று சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு விடயத்தில் நம் பேச்சு ஆங்கிலத்தைவிடத் தெளிவானது என்பது என் கருத்து. கனடாவிலும் நியூசிலாந்திலும் இதற்கு வேறு வேறு பெயர்கள் இருக்கின்றன. அவை நமக்கு இங்கே தேவையில்லை.

நமக்குத் தேவைப்பட்டது இன்னொரு வேறுபாடு. ஆங்கிலத்தில் கட்டர் என்பது தண்ணீர் ஓடும் அந்த நீளமான தொட்டியை மட்டும் குறிக்கும். அதனோடு தொட்டியைத் தாங்கும் பிரக்கட், துண்டுகளை இணைக்கும் மூட்டு, முனை மூடி, கீழிறங்கும் டவுன்பைப் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பையும் பிரித்தானியர் 'கட்டரிங்' என்று சொல்வார்கள். கடை தந்த கொட்டேஷனில் "கட்டர் 30 அடி, பொருத்துகூலியுடன்" என்று ஒரே வரி இருந்தது. முழு அமைப்புக்கும் சேர்த்துத்தான் விலை என்று நான் எண்ணினேன். தொட்டிக்கும் பிரக்கட்டுக்கும் மட்டுமே விலை என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். வேலை முடிந்த மாலையில் டவுன்பைப், இரண்டு எல்போ (குழாய் வளைவு), முனை மூடிகள் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல் வந்தபோது தொகை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடியிருந்தது. சொல்லின் அகராதிப் பொருளை வைத்துப் பார்த்தால் கடைக்காரர் செய்தது சரி என்பதை ஓர் ஆங்கில ஆசிரியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; ஆனால், டவுன்பைப் இல்லாத பீலியால் ஒரு வீட்டுக்கு என்ன பயன் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான்.

பொருளைப் பற்றிச் சொல்வதானால், அது வெள்ளை நிறப் பிவிசி தொட்டி. பத்தடி நீளமான மூன்று துண்டுகள், இடையில் ரப்பர் வைத்த இரண்டு மூட்டுகள். எங்கள் கூரையின் முன்சரிவு ஏறக்குறைய 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர் என்பதால், ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அந்தச் சரிவிலிருந்து மட்டும் 1,400 லீற்றர் இறங்கும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளைக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இது மிகைக் கணக்கு அல்ல. யூன் மாத மழையில் தொட்டி நிரம்பி வழியவில்லை. கூரையோரம் கிடங்கு விழுந்திருந்த வாசல் இப்போது காய்ந்து கிடக்கிறது. டவுன்பைப்பின் கீழே வைத்த நீலப் பீப்பாய் ஒரே இரவில் நிரம்பிவிடுகிறது.

பொருத்த வந்த பாஸும் (வேலைத்தலைவர்) அவருடைய உதவியாளரும் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். கூரையோரத்து வெலன்ஸ் பலகையில் நூல் கட்டி, பத்தடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் சரிவு வைத்து, இரண்டு அடிக்கு ஒரு பிரக்கட் அடித்தார்கள். வேலை முடிந்ததும் நான் ஏணியில் ஏறி ஒரு வாளி தண்ணீரை மேல்முனையில் ஊற்றிப் பார்த்தேன். நடுப் பிரக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. "காய்ஞ்சிடும் டீச்சர்" என்றார் பாஸ். காய்வதற்குள் நுளம்பு முட்டையிட்டுவிடும் என்பதையும், நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதையும் எடுத்துச் சொன்ன பிறகு, மறுபேச்சில்லாமல் அந்தப் பிரக்கட்டைக் கழற்றி அரை விரல் உயர்த்தி அடித்தார். கோபப்படாமல் திருத்திக் கொடுத்த அந்தக் குணத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

மூட்டுகளில்தான் அவசரம் தெரிகிறது. பிவிசி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். விடியற்காலைக் குளிருக்கும் கூரையோரத்து மதிய வெயிலுக்கும் இருபது பாகை வேறுபாடு இருந்தால், பத்தடித் துண்டு ஒன்று மூன்று மில்லிமீற்றருக்கு மேல் நீண்டு சுருங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் மூட்டைப் பொருத்த வேண்டும். முதல் மூட்டில் இடம் விட்டவர்கள், இரண்டாவதில் துண்டை இறுக்கிச் செருகியிருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ரப்பர் முறுகி வெளியே எட்டிப் பார்த்தது. சவுக்கு மரங்களுக்கு அருகில் வீடு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பிரிபிரியான இலைகள் டவுன்பைப் வாயில் பின்னிக்கொண்டு பந்தாகி அடைத்துவிடுகின்றன. வலை மூடி கேட்டால் கடையில் இருக்கிறது, ஆனால் அவர்களாக எடுத்துக் காட்டுவதில்லை.

இந்தக் கடைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். போகிறவர்கள் கட்டர் என்றோ பீலி என்றோ ஒரே சொல்லில் கேட்காமல், தொட்டி எத்தனை அடி, மூட்டு எத்தனை, டவுன்பைப் எத்தனை அடி, எல்போ, முனை மூடி, வலை என்று வரிவரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி பொறுமையாக எழுதித் தருவார். நான் இரண்டாவது முறை போனபோது அப்படித்தான் எழுதித் தந்தார். அந்த இரண்டாவது மூட்டினைக் கடையிலிருந்து வந்து பார்ப்பதாகச் சொன்ன நாள் கடந்து ஒரு வாரம் ஆகிறது. மழை விட்ட பின்பும் அந்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இஸ்தோப்பின் விளிம்பில் விழுந்துகொண்டிருக்கிறது; கீழே ஒரு பழைய பால்மா டின் வைத்திருக்கிறேன்.