விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்: ஒரு வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் மதிப்பீடு

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்றை வீட்டுக்கு வாங்கலாமா, எதை வாங்குவது என்று இன்னும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் கொரோனா வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். மானிட்டர்கள் எல்லாம் ஐசியூவுக்குப் போய்விட்டன. வார்டில் என் நர்ஸ் பெண்கள் நம்பியிருந்தது இந்தச் சின்னக் கருவியைத்தான்.

எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று வெறும் எண்ணைக் காட்டும். மற்றது எண்ணோடு நாடித்துடிப்பின் அலையையும் திரையில் ஓட விடும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அலை காட்டாததை வாங்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார், காப்பித் தோட்ட வேலைக்காரர். விரல் நுனியெல்லாம் காய்த்து, கை சில்லிட்டிருந்தது. எண் மட்டும் காட்டும் மீட்டர் 84 என்றது. இரவு டியூட்டியில் இருந்த பெண் பதறி ஆக்ஸிஜனைக் கூட்டப் போனாள். பாட்டியோ, "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு மீட்டரை மாட்டினால் அலையே சரியாக எழவில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டியதும் அலை சீரானது. 95.

அதே வாரம் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் ஒருவர். கட்டிலில் உட்கார்ந்து போனில் மகளோடு சிரித்துப் பேசுகிறார். மீட்டரில் அலை ஒழுங்காக ஏறி இறங்குகிறது, எண் 82. இந்த முறை எண்தான் உண்மை. உடனே குப்புறப் படுக்க வைத்து, ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாற்றி, டாக்டரைக் கூப்பிட்டோம். அந்த நோய் அப்படித்தான். மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்ஸிஜன் இறங்கிவிடும். பாட்டிக்கு வந்த எண்ணையும் இவருக்கு வந்த எண்ணையும் பிரித்துச் சொன்னது அந்த அலை மட்டும்தான்.

அப்புறம் வார்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். மீட்டரை மாட்டினால் ஒரு முழு நிமிடம் ஆகும்வரை கழற்றக் கூடாது. அந்த நிமிடத்தில் நோயாளியின் மூச்சை எண்ண வேண்டும். கேஸ் ஷீட்டில் "94" என்று மட்டும் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எத்தனை லிட்டர் ஆக்ஸிஜனில் 94, மூச்சு எத்தனை என்று மூன்றும் வேண்டும். எண் 94 ஆகவே இருந்தாலும் மூச்சு 24-ஐத் தொட்டால் தயங்காமல் டாக்டரை எழுப்பு என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்தவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டாக்டரை எழுப்ப அவர்களுக்குத் தைரியம் வேண்டுமே! அந்தத் தைரியத்தை இந்த மூன்று எண்கள் கொடுத்தன. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

திரை வெளிச்சமாக, எண் பெரிதாக இருக்கட்டும். பிபிஇ கிட் என்ற பாதுகாப்பு உடைக்குள் கண்ணாடி ஆவி படிந்திருக்கும்போது சின்ன எழுத்து எதுவும் தெரியாது. வயதானவர் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். துடைக்க ஸ்பிரிட் பஞ்சு போதும், ஹைப்போகுளோரைட் என்ற ப்ளீச் கரைசலில் முக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. அடர்ந்த நெயில் பாலிஷ் இருந்தால் அளவு தவறும். நல்ல கருவியிலேயே இரண்டு புள்ளி முன்பின் வரும். நம் தோல் நிறத்துக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு ரத்தப் பரிசோதனையில் 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 சதவீதம். அதனால் கறுத்த விரலில் 93 என்று வந்தால், "பரவாயில்லை" என்று விட்டுவிட எனக்கு மனம் வராது.

இதன் அடிப்படையை 1970களில் கண்டறிந்த ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். உலகமே அவர் கருவியைத் தேடி ஓடிய மாதம் அது. இந்தத் தலைமுறை நர்ஸ்கள் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை விஷயத்தில், இரண்டாம் அலையில் கடைக்காரர் சொன்னதுதான் விலை. 2021 ஜூலையில்தான் மத்திய அரசு வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு வைத்தது. இப்போது அந்த நெருக்கடி இல்லை, நிதானமாகப் பார்த்து வாங்கலாம்.

அலை காட்டும் வகைக்கு 5-க்கு 4 கொடுப்பேன். எண் மட்டும் காட்டுவதற்கு 2. கடையிலேயே உங்கள் விரலில் மாட்டி, அலை சீராக வருகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். வீட்டில் எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் கருவி வீண்.