'சிப் போயிருச்சுங்க' என்றார்கள்: லினக்ஸ் போட்ட லேப்டாப்புக்கு நான் அழுத 6,500 ரூபாய் தண்டம்

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டபின் திரை கறுத்துப் போனால், சர்வீஸ் கடைக்கு ஓடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஓடிப் பட்டவன்.

என்னுடையது இன்டெல் 7ஆம் தலைமுறை, என்விடியா 940எம்எக்ஸ் கிராபிக்ஸ் சிப் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ் 11 அதில் அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10ஐயும் 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. சரி என்று உபுண்டு 24.04 என்ற லினக்ஸைப் போட்டேன். பென்டிரைவில் இருந்து சாதாரணமாக ஏற்றியபோது உறைந்து நின்றது. 'சேஃப் கிராபிக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் ஒழுங்காக ஓடியது. சிக்கல் கிராபிக்ஸ் டிரைவரில், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளில்தான் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் கம்பெனி லோகோ வந்தது, அப்புறம் கும்மிருட்டு.

கோவை காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "லினக்ஸ் போட்டதுல கிராபிக்ஸ் சிப் சூடாகிப் போயிருச்சுங்க சார். ரீபாலிங் பண்ணோணும்" என்றார். சிப்பைச் சூடேற்றிக் கழற்றி, அடியில் உள்ள ஈய மணிகளை மாற்றித் திரும்ப ஒட்டும் வேலை அது. மூன்று நாள் கழித்துப் போனேன். திரை வந்தது. பில்லில் 'ஜிபியூ ரீபாலிங் 6,500' என்று ஒரே வரி. கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பார்த்தால் பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யவில்லை. எச்டிஎம்ஐயில் டிவியைச் செருகினால் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வீடியோ ஓடவிட்டால் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தியது. செட்டிங்ஸில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் என்விடியாவும் இல்லை, இன்டெலும் இல்லை. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. கிராபிக்ஸ் சிப் சும்மா கிடக்க, படம் வரையும் வேலை முழுவதையும் பிராசஸரே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப் ஆன் ஆனதும் லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற புரோகிராமின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். 'கொயட் ஸ்பிளாஷ்' பக்கத்தில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல். திரையைக் கிராபிக்ஸ் டிரைவர் கையில் கொடுக்காதே என்று லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குச் சொல்வது அது. தற்காலிகமாக உள்ளே நுழையத்தான் அதைப் போடுவார்கள். இவர்கள் அதையே நிரந்தரமாக எழுதிவைத்து ரீபாலிங் என்று பில் போட்டுவிட்டார்கள்.

சந்தேகம் தீர அடிமூடியைக் கழற்றினேன். ஹீட்சிங்க் திருகுகளின் தலையில் வருடக்கணக்கான தூசி, கலையாமல் அப்படியே. ஹீட்சிங்க்கை எடுக்காமல் அந்தச் சிப்பைத் தொடவே முடியாது.

உண்மையான கோளாறு, உபுண்டுவோடு வரும் 'நூவோ' டிரைவர் இந்தச் சிப்போடு ஒத்துப்போகாததுதான். 'அடிஷனல் டிரைவர்ஸ்' போய் என்விடியாவின் சொந்த டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன், அந்தச் சொல்லை நீக்கினேன், கிரப்பை அப்டேட் செய்தேன். மொத்தம் அரை மணி நேரம், அதிலும் பாதி டவுன்லோடுக்குப் போனது. செக்யூர் பூட் (கையெழுத்தில்லாத மென்பொருளை ஏறவிடாத பாதுகாப்பு) ஆனில் இருந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வரலாம். அவசரத்தில் 'கன்டினியூ' தட்டிவிடாதீர்கள். 'என்ரோல் மோக்' கொடுத்து, முன்பு வைத்த பாஸ்வேர்டைப் போடுங்கள். இல்லையென்றால் டிரைவர் இருந்தும் ஏறாது.

உங்களுக்கும் இப்படி ஆனால், லோகோ வந்ததும் எஸ்கேப் தட்டி கிரப் மெனுவைக் கொண்டுவாருங்கள். 'e' அழுத்தி, 'linux' என்று தொடங்கும் வரியில் 'quiet splash' அடுத்து nomodeset (நோமோட்செட்) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை வந்துவிட்டால் கோளாறு பெரும்பாலும் டிரைவரில்தான். அதற்குப் பிறகும் கடைக்குப் போவதாக இருந்தால், போர்டைக் கழற்றும்போது கூடவே நின்று பாருங்கள். "உள்ளே விடமாட்டோம்" என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தூசி படிந்த திருகுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த நோமோட்செட் டெஸ்டிங்குக்குப் போட்டதுங்க சார், பசங்க எடுக்க மறந்துட்டாங்க" என்று 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதி லேபர் சார்ஜாம். பில்லில் லேபர் என்று ஒரு வரியே கிடையாது.