பழைய ஸ்கேனர்: புறக்கோட்டைக் கடைக்கா, அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளருக்கா?

கொழும்பில் அலுவலகத்தைக் காலி செய்பவர்கள் பழைய ஸ்கேனரை இரண்டு வழிகளில் கழிக்கிறார்கள்: புறக்கோட்டையில் பாவித்த பொருள் வாங்குபவரிடம் விற்பது, அல்லது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பது.

முதல் வழியில் காசு உடனே கைக்கு வரும். மேசையில் வைக்கும் சிறிய ஸ்கேனரில் பெரும்பாலும் நினைவகம் இருக்காது என்பதால், அது இயங்கும் நிலையில் இருந்தால் விற்பதில் தவறில்லை. ஆனால் போட்டோகொப்பி, ஸ்கேன் இரண்டும் செய்யும் பெரிய இயந்திரத்தின் பின்மூடியைக் கழற்றினால், பலவற்றில் மடிக்கணினியில் உள்ளதைப் போன்ற ஹார்ட் டிஸ்க் ஒன்று தெரியும். அடையாள அட்டைப் பிரதிகள், சம்பளப் பட்டியல், மின்னஞ்சல் முகவரிகள், சேவையகக் கடவுச்சொல் என எவையெல்லாம் அதில் தங்கியிருக்கின்றன என்பதை விற்பவர் அறியமாட்டார். மெனுவிலுள்ள ‘ரீசெட்’ பல வேளைகளில் அமைப்புகளை மட்டுமே அழிக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், அந்த டிஸ்க்கைச் சில ஆயிரம் ரூபாவுக்காகக் கைமாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சேகரிப்பாளரிடம் பணம் கிடைக்காமலும் போகலாம். சிலவேளை ஏற்றுக்கூலியும் நம் தலையில்தான். எனினும், பழைய மாதிரிகளின் விளக்குக் குழாய் உடைந்து அதிலுள்ள பாதரசம் சிந்தாமல் கையாளப்பட வேண்டுமானால் இதுவே வழி. டிஸ்க்கை முன்கூட்டியே கழற்றித் துளையிட்டுவிட்டு, தொடரிலக்கம் குறிப்பிட்ட ஒப்படைப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கணக்குக் கோப்பில் வையுங்கள்.