எச்சரிக்கை: பழைய மடிக்கணினியைச் சீரமைக்கக் கொடுத்து 46,500 ரூபாயையும் அசல் திரையையும் இழந்தேன்

கடந்த வியாழக்கிழமை மாலை, ஏழு மாதங்களாக நான் காத்திருந்த பெட்டி கூரியரில் வந்து சேர்ந்தது. என் சித்தப்பாவின் ஐபிஎம் திங்க்பேட் 701சி மடிக்கணினி திரும்பி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில்தான் பிரித்தேன். வெளித்தோற்றம் புதியது போல இருந்தது. மூடியைத் திறந்து இயக்கிய ஐந்தாவது நிமிடத்தில், நான் அனுப்பிய கணினி முழுமையாகத் திரும்பி வரவில்லை என்பது தெரிந்துவிட்டது. சீரமைப்பதற்காக நான் கொடுத்த பணம் 46,500 ரூபாய். கை நடுக்கம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்; ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

புகார் நிலுவையில் இருப்பதால் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. பழைய பொருள்களையும் பழுதுபார்ப்புச் சேவைகளையும் விற்க இடம் தரும் ஓர் இணையச் சந்தையும், அதில் பழைய மடிக்கணினிகளை மட்டுமே சீரமைப்பதாக விளம்பரம் செய்துகொண்ட ஒரு தனிநபரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இப்படி ஏமாறாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கணினியைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 1995-இல் வெளிவந்த 701 வரிசையின் உடல் அகலம் சுமார் 24.7 சென்டிமீட்டர்தான், அதற்குள் முழு அளவிலான விசைப்பலகை அடங்காது. ஜான் கரிடிஸ் என்ற ஐபிஎம் பொறியாளர், விசைப்பலகையைச் சாய்வாக, படிக்கட்டு போன்ற விளிம்புகளுடன் இரண்டு துண்டுகளாகப் பிரித்தார். மூடியைத் திறக்கும்போது அந்த இரண்டு துண்டுகளும் ஒன்றை ஒன்று தழுவியபடி நகர்ந்து, உடலின் இரு பக்கமும் வெளியே நீண்டு, சுமார் 29 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே பலகையாகப் பொருந்திக்கொள்ளும். பட்டாம்பூச்சி என்ற பெயர் அதனால்தான் வந்தது. நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இந்தக் கணினி இருக்கிறது.

சித்தப்பா 1996-இல் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது இதை வாங்கினார். விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேரும் திண்ணையில் சுற்றி உட்கார்ந்து, "இன்னொரு தடவை, சித்தப்பா" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அவரும் சலிக்காமல் மூடியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து காட்டுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் காலமான பிறகு, சித்தி இதைத் துணிப்பையில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

என்னால் செய்ய முடிந்த வேலைகளை நானே செய்தேன். மேற்பூச்சாக இருந்த ரப்பர், காலப்போக்கில் சிதைந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டியது; இந்தக் காலத்துத் திங்க்பேடுகள் பலவற்றுக்கும் உள்ள நோய் இது. ஓடாமல் நின்றுபோன வன்வட்டை (ஹார்ட் டிஸ்க்) எடுத்துவிட்டு, இணைப்பி ஒன்றின் வழியாகக் காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற சேமிப்பு அட்டையைப் பொருத்தினேன். பழைய வன்வட்டுகள் பேசும் ஐடிஇ மொழி அந்த அட்டைகளுக்கு இயல்பாகவே தெரியும் என்பதால், அதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. பயமுறுத்தியது உள்ளே இருந்த துணை மின்கலம். நிக்கல் வகை மின்கலம் கசிந்தால் வெளியே வருவது காரம். அது செப்புத் தடங்களைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். தாய்ப்பலகையின் ஒரு மூலையில் ஏற்கெனவே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கணினி அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது, ஆனால் எத்தனை நாளைக்கு இயங்கும் என்று சொல்ல முடியாத நிலை. உருப்பெருக்கியும் வெப்பக்காற்றுக் கருவியும் வைத்திருக்கும் தேர்ந்த கை ஒன்று வேண்டியிருந்தது.

அப்படித் தேடியபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. களிம்பை அகற்றித் தடங்களைப் புதுப்பித்துத் தருவதோடு, செயலியையும் (பிராசஸர்) தரம் உயர்த்தித் தருவதாக அதில் எழுதியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்ற பச்சைக் குறி. தொலைபேசியில் அழைத்தேன். பக்கத்து மாநிலத்தில் இருந்தாலும் நல்ல தமிழில் பேசினார். என் கணினியில் இருப்பது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட, இன்டெலின் 75 மெகாஹெர்ட்ஸ் 486டிஎக்ஸ்4 செயலி என்று நான் சொன்னதும், அது 25 மெகாஹெர்ட்ஸைத் தன்னுள் மூன்றால் பெருக்கிக்கொள்ளும் செயலி என்றும், அதே 208 கால்கள் கொண்ட தட்டை வடிவில் ஏஎம்டியின் 5எக்ஸ்86 கிடைக்கிறது என்றும், அது நான்கால் பெருக்கும் என்றும், பலகையின் கடிகாரத் துடிப்பை 33 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 133 மெகாஹெர்ட்ஸ் வரும் என்றும், உயர்த்தாமல் விட்டால் 100-இல் நின்றுவிடும் என்றும் தங்குதடையின்றி விளக்கினார். அத்தனையும் சரி. நான் அதற்கு முன் படித்து அறிந்து வைத்திருந்ததோடு ஒரு சொல்கூட முரண்படவில்லை.

பிறகு அவராகவே கரிடிஸைப் பற்றிப் பேசினார். மகளின் விளையாட்டுக் கட்டைகளைப் பார்த்தபோதுதான் இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியதாமே என்று சொன்னார். அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார்: மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு 701-இன் மூடி மெல்லத் திறக்கிறது, விசைப்பலகையின் இரு பகுதிகளும் விரிந்து பொருந்துகின்றன. அதன் கீழே, "உங்க சித்தப்பா ஞாபகத்துக்கு நான் பொறுப்பு அண்ணா" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில்தான் நான் விழுந்தேன். எத்தனை கணினிகளுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறீர்கள், அவற்றின் சொந்தக்காரர்கள் யாரிடமாவது நான் பேசலாமா என்று கேட்கத் தயாராக இருந்த கேள்விகளை எல்லாம் அந்த வரியைப் படித்ததும் விட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. அந்தக் காணொளியில் இருந்தது அவர் சரிசெய்த கணினிதானா என்றுகூட நான் கேட்கவில்லை.

முன்பணமாக 20,000 ரூபாயை அந்த இணையச் சந்தையின் வழியாகச் செலுத்தினேன். கணினி கைக்கு வந்ததும், களிம்பு நினைத்ததைவிட ஆழமாக இருக்கிறது என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்டார். சந்தையின் வழியாகச் செலுத்தினால் தரகுத் தொகை பிடிப்பார்கள் என்பதால் நேரடியாக யூபிஐயில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அடுத்த மாதம், வெளிநாட்டிலிருந்து வரும் செயலிக்குச் சுங்கவரி என்று 8,500 ரூபாய். அதையும் அனுப்பினேன். ஆக மொத்தம் 46,500 ரூபாய். இரு வழிக் கூரியர் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஆறு வாரம் என்று சொன்ன வேலை ஏழு மாதம் இழுத்தது. முதலில் செயலி வரவில்லை என்றார், பிறகு கருவி பழுது என்றார், அதற்கும் பிறகு வீட்டில் ஒரு கல்யாணம் என்றார். நானும் அவசரப்படுத்தவில்லை, ஏனென்றால் நுணுக்கமான வேலையை நெருக்கிப் பிடித்தால் கெட்டுவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மேலே புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். மூடியைத் திறந்தபோது விசைப்பலகையின் வலப் பகுதி அரை விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. கையால் மெல்லத் தள்ளிய பிறகே பொருந்தியது. இயக்கியதும் திரை வெளிறித் தெரிந்தது. சுட்டுக்குறியை வேகமாக நகர்த்தினால் அது மறைந்து, நின்ற பிறகு மறுபடி தோன்றியது. சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் நிறங்கள் தலைகீழாக மாறின. 701 இரண்டு வகையாக விற்கப்பட்டது என்பது இதில் ஈடுபாடு உள்ளவர்களுக்குத் தெரியும். விலை கூடிய 701சியில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித் திரிதடையம் (டிரான்சிஸ்டர்) உள்ள டிஎஃப்டி திரை; விலை குறைந்த 701சிஎஸ்ஸில் அப்படித் தனித் திரிதடையம் இல்லாத, வெளிறித் தெரியும், மெதுவாக மாறும் டிஎஸ்டிஎன் திரை. நான் அனுப்பியது முதல் வகை. என் முன்னால் இருந்தது இரண்டாவது. மூடியோடு சேர்த்துத் திரையையே மாற்றிவிட்டு, அது தெரியாமல் இருக்கத்தான் மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் செயலியை அடையாளம் காட்டும் சிறு நிரலை ஓட்டினேன். ஏஎம்டி செயலியாக இருந்தால் "ஆதன்டிக் ஏஎம்டி" என்று வர வேண்டும். வந்தது "ஜெனுவின் இன்டெல்". வேகம் அதே 75 மெகாஹெர்ட்ஸ். 24 எம்பி நினைவகத்தோடு அனுப்பிய கணினி 8 எம்பி மட்டுமே காட்டியது. 16 எம்பி கூடுதல் அட்டையைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை காலை திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். துணை மின்கலத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். களிம்பு அதே மூலையில் அப்படியே இருந்தது. அதன் மேல் தெளிவான மெருகெண்ணெய் போன்ற ஏதோ ஒன்றைத் தடவியிருந்தார்கள். வினிகரால் காரத்தை முறித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுவது இந்த வேலையில் முதல் படி. அதைக்கூடச் செய்யவில்லை. 46,500 ரூபாய்க்கு ஒரு பற்றவைப்புகூட நடக்கவில்லை.

அழைத்தேன். முதல் நாள், "பழைய திரை அண்ணா, பயணத்துல மங்கியிருக்கும்" என்றார். டிஎஃப்டி திரை மங்கலாம், பழுதாகலாம், கோடு விழலாம்; ஆனால் டிஎஸ்டிஎன் திரையாக மாறாது என்று சொன்னேன். மறுநாள், அந்த நிரல் தவறாகக் காட்டுகிறது என்றார். நினைவகம் எங்கே என்று கேட்டதற்கு, நான் அனுப்பியபோதே அது இல்லை என்றார். திரையைப் பற்றி மறுபடி கேட்டதும் குரல் மாறியது: "நீங்க அனுப்பினது இந்த ஸ்க்ரீன்தான். வேற ஸ்க்ரீன்னு ப்ரூஃப் இருந்தா காட்டுங்க." அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். அண்ணா என்று ஏழு மாதம் அழைத்த வாய் அது.

இணையச் சந்தைக்கு எழுதினேன். முதல் பதில் தானியங்கிப் பதில். இரண்டாவது பதிலில், சந்தைக்கு வெளியே செலுத்திய 26,500 ரூபாய்க்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். மீதி 20,000 ரூபாய்க்கும், பணம் செலுத்திய 45 நாள்களுக்குள் புகார் தந்திருக்க வேண்டும் என்றார்கள். வேலை முடிந்து பொருள் கைக்கு வரவே ஏழு மாதம் ஆனபோது 45 நாளில் எதைப் பற்றிப் புகார் தருவது என்று கேட்டேன். என் கருத்துக்கு நன்றி தெரிவித்துப் புகாரை மூடிவிட்டார்கள். இன்று காலை வரை அந்த விளம்பரமும் அந்தப் பச்சைக் குறியும் அங்கேயே இருக்கின்றன.

1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இதைத் தெரியாமல் பக்கத்து மாநிலத்துக்கு அலைய வேண்டுமோ என்று இரண்டு நாள் கலங்கிக் கிடந்தேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது மனம் ஒரு நிலையில் இல்லை, எனவே முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். அனுப்புவதற்கு முன் கணினியைத் திறந்து, திரையின் பின்னால் உள்ள பாக எண், தாய்ப்பலகை, நினைவக அட்டை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். நான் வெளித்தோற்றத்தை மட்டுமே எடுத்தேன், அதனால்தான் "ப்ரூஃப்" கேட்கத் துணிந்தார். வேலைக்குத் தேவைப்படாத மூடியையோ அட்டையையோ கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள்; தர மறுத்தால் உடனே பொருளைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். காணாமல் போன அந்த 10.4 அங்குல டிஎஃப்டி திரையின் வலது கீழ் மூலையில், பிறை வடிவில் ஒரு மெல்லிய கீறல் இருக்கிறது. சித்தப்பாவின் கைக்கடிகார வார் பட்டு ஏற்பட்டது; விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒளி அடித்தால்தான் தெரியும். 701சியின் திரையோ, மூடியோடு கூடிய திரையோ எங்காவது விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தால், அந்த மூலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எனக்குத் தெரிவியுங்கள்.